பலகை இல்லாத கொடி

ஜூன் 3

வக்கீலம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மகளுக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. பிரசவம் முடிந்து, குழந்தைக்குக் கழுத்து நிற்கிற வரைக்கும் நான் இங்கேதான். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். அதனால் நானே சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் போனில் சொன்னால் போதாதா என்று தம்பியிடம் கேட்டேன். "அவ எல்லாத்தையும் எழுத்துல குடுக்கச் சொல்றாக்கா. போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க, நடுவுல எனக்குத்தான் காது போகுது" என்றான். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள், செடிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லி தம்பி பெண்டாட்டிக்கு மனுப் போட வேண்டியிருக்கிறது. போடுகிறேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் பந்தலில் ஏறியிருப்பது கரைப்பாகல். பலகை எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், அடியில் மட்டும். ஆற்றங்கரையில் அதைக் கண்டுபிடித்துக் கிழங்கைத் தோண்டி வந்தது நான் என்று உனக்குத் தெரியும். அந்தக் கரையில் இன்று தார் ரோடு. தேடாத இடமில்லை, என் வீட்டைத் தவிர வேறெங்கும் அது இல்லை. பந்தலில் இருப்பது ஆண் கொடி. பெண் கொடி தனி. இரண்டும் பூத்தால்தான் காய். செப்டம்பரில் தாவரத் தோட்டத்து ஆட்கள் வந்து காயை எடுத்துப் போய், இனம் அழியாமலிருக்க விதைப் பெட்டியில் வைப்பார்கள். யார் தோட்டத்தில் காய்த்ததோ அவர் பெயரைப் பெட்டியில் எழுதுவார்கள். என் பெயர் அங்கே இருக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆசை அதுதான்.

பெண் கிழங்கை எங்கே புதைத்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. வேண்டுமென்றேதான் பலகையும் வைக்கவில்லை. பூனையிடம் பாலைக் காட்டிவிட்டு ஊருக்குப் போக எனக்கென்ன பைத்தியமா? மழை விழுந்தால் தானாக முளைக்கும்.

கடைசியாக ஒன்று. உன் வேலியில் இருக்கிற அந்த நீலப் பூக்கொடி என் பக்கம் தலை நீட்டினால் பிடுங்கிப் போடு. வந்தேறிக்கு இரக்கம் காட்டினால் வீட்டுக்காரன் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்


ஜூன் 10

நாத்தனார் அவர்களுக்கு,

தங்களது ஜூன் 3 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. தண்ணீர் ஊற்றப்படுகிறது. ஊற்றுவது தங்கள் தம்பி, மேற்பார்வை நான்.

இந்த மட்டில் அலுவல் முடிந்தது. இனி மனுஷியாக எழுதுகிறேன் அக்கா.

தெருக்காரர்கள் கூட்டத்தில் நீங்கள் திரை கட்டிப் படம் காட்டினீர்களே, "வந்தேறிகளை வேரறுப்போம்" என்று. அன்று நான் கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தேன். நாத்தனார் பேசுகிறார், முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும் என்றுதான் வந்தேன். நான்காவது படமோ ஐந்தாவது படமோ, என் வேலி வந்தது. என் நீலக் கொடி. அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "இதுவும் கல்யாணம் கட்டி வந்ததுதாங்க. வரும்போது ஒரு டப்பாவுல அடங்கிச்சு. இப்ப பாருங்க, வீடே அதோடதுதான்."

சபை குலுங்கிச் சிரித்தது. பின்வரிசைத் தையல்காரர் என் தோளைத் தட்டி, "வக்கீலம்மா, இது செடியைச் சொல்றாங்களா, உங்களைச் சொல்றாங்களா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

அந்தக் கொடி என் அம்மா பால்மாவு டப்பாவில் வைத்துக் கொடுத்தது. நான் இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, என்னுடையது என்று இந்த மண்ணில் ஊன்றியது அது ஒன்றுதான். உங்களுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் அந்த நகைச்சுவை உங்களுக்குக் கிடைத்தது.

அந்தக் கொடி இப்போது இல்லை. நீங்கள் ஊருக்குக் கிளம்பிய வாரமே அடியிலிருந்து கறுத்து, இலையெல்லாம் சுருண்டு, இன்று விறகு மாதிரி வேலியில் தொங்குகிறது. வேரடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பக்கத்துப் பூங்காவில் புல் சாகிறதற்குத் தெளிப்பார்களே, அந்த வாசனை. சாட்சி இல்லாமல் யார் மேலும் குற்றம் சாட்டுவது என் வழக்கமில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

தம்பி மனைவி


ஜூன் 17

வக்கீலம்மா,

செத்துப் போனதா? போகட்டும். யார் கொன்றார்கள் என்று நீயே விசாரித்துக்கொள். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான் எதைக் கொட்டினேன், எங்கே கொட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. எழுத்தில் கேட்டாய், எழுத்தில் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா கொடுத்தது என்று கண்ணைக் கசக்குகிறாயே, என் எலுமிச்சை மரம் யார் கொடுத்தது என்று ஒருநாளாவது கேட்டாயா? என் கணவர் வைத்தது. அவர் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை அதுதான். உன் நீலப்பூ வேலி தாண்டி வந்து, மரத்தின் உச்சிவரை போர்வை போர்த்திய மாதிரி மூடி, வெயில் படாமல் அதைக் கொன்றது. "கொஞ்சம் வெட்டிவிடு" என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்? "பூக்கிற காலம் அக்கா, பூ முடியட்டும்" என்றாய். பூ முடியவில்லை, மரம் முடிந்துவிட்டது. நீ அன்று ஒரு வார்த்தை வருத்தப்பட்டாயா? "மரத்துக்கு வயசாயிடுச்சு அக்கா" என்றாய்!

பார்க்க அழகாயிருக்கிறது என்பதற்காக எதையும் உள்ளே விட்டுவிடுவது உன் குணம். எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் குணம். கூட்டத்தில் நான் செடியைத்தான் சொன்னேன். தொப்பி உன் தலைக்குப் பொருந்தினால் அது தைத்தவன் குற்றமில்லை.

மகளுக்கு வலி எந்த நேரமும் வரலாம் என்கிறார் டாக்டர். சும்மா சும்மா எழுதி என் நேரத்தைத் தின்னாதே.

நாத்தனார்


ஜூன் 26

அக்கா,

நேரத்தைத் தின்னக்கூடாது என்பதால் சுருக்கமாக.

இங்கே நல்ல மழை. உங்கள் தோட்டத்தில் எல்லாம் தளதளவென்று இருக்கிறது. ஆண் கொடி பந்தலைத் தாண்டிவிட்டது.

ஒரு விஷயத்தில் தங்கள் உத்தரவு தேவை. உங்கள் பக்கத்தில், வேலியைப் பிடித்து ஒரு கொடி ஏறுகிறது. பலகை இல்லை. இலை இதய வடிவத்தில் இருக்கிறது. காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரிகிற வேகம். கணுவுக்குக் கணு மெல்லிய நூல் ஒன்றை நீட்டி, கம்பியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. பூ இன்னும் இல்லை.

உங்கள் தம்பி, "அக்காவோட செடியா இருக்கப் போகுது, கை வைக்காதே" என்கிறார். எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது. பிடுங்கவா, விடவா? ஒரு வரி எழுதினால் போதும். கையெழுத்துடன்.

தம்பி மனைவி


ஜூலை 4

வக்கீலம்மா,

பேத்தி பிறந்துவிட்டாள். சுகப்பிரசவம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அதற்கு நடுவில் உன் கடிதம்.

இதய வடிவ இலை, பேய் வேகம், வேலியோரம். இதற்கு மேலும் சந்தேகமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும், அது உன் நீலப்பூவின் குட்டி. தாய் செத்தாலும் விதை போட்டுவிட்டுத்தான் செத்திருக்கிறாள். நான் புதைத்த இடத்துக்கும் வேலிக்கும் சம்பந்தமே கிடையாது, அதனால் என் தலையை உருட்டாதே. என்னவோ தயக்கமாம்! அதைக் காப்பாற்ற வழி தேடுகிறாய் என்று எனக்குப் புரியாதா? பாம்பின் கால் பாம்பறியும்.

கையெழுத்துடன் கேட்டாயல்லவா, வாங்கிக்கொள். அந்தக் கொடியை வேரோடு தோண்டி எடு. என் மண்ணில் ஒரு துண்டு வேர் மிஞ்சக்கூடாது. எடுத்ததை வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொள். அது உன்னுடையது. எனக்கு அதில் ஒரு உரிமையும் வேண்டாம்.

உன் நாத்தனார்
(கையெழுத்து போட்டிருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்)


ஜூலை 12

அக்கா,

பேத்திக்கு என் ஆசிகள். நிஜமாகவே சந்தோஷம்.

தங்கள் உத்தரவு அப்படியே நிறைவேற்றப்பட்டது. வேரோடு எடுத்தாயிற்று; உங்கள் மண்ணில் ஒரு துண்டுகூட இல்லை. நீங்கள் சொன்னபடியே வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி மனைவி


ஆகஸ்ட் 8

வக்கீலம்மா,

ஆண் கொடியில் பூ வந்துவிட்டது என்று தம்பி சொன்னான். நியாயமாக இந்நேரம் பெண் கொடியும் ஆளுயரம் வளர்ந்திருக்க வேண்டும். நேற்று அவனைப் போனோடு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன். கிழங்கை நான் அங்கேதான் வைத்தேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று கல்லின் மறைவில் வைத்தேன். அவன் கல்லைச் சுற்றி வந்தான். அப்புறம், "அக்கா, இங்க ஒரு குழிதான் இருக்கு" என்றான்.

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, உன் ஜூன் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "மெல்லிய நூல் ஒன்றை நீட்டி, கம்பியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு." பற்றுக்கம்பி. நீலப் பூக்கொடிக்குப் பற்றுக்கம்பியே கிடையாது, அதன் தண்டுதான் சுற்றிச் சுற்றி ஏறும். பாகல் இனம்தான் நூல் விட்டுப் பிடிக்கும். இதைத்தான் வருஷா வருஷம் கரும்பலகையில் படம் வரைந்து நடத்தினேன். இளம் இலை இதயமாயிருந்து, வளர வளர விரல் விரலாகப் பிளக்கும் என்பதும் எனக்குத் தெரியும். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. படிக்காமலே பதில் எழுதிவிட்டேன்.

கல்லுக்குப் பின்னால் முளைத்து, தரையில் ஓடி, வேலிக்குப் போயிருக்கிறது. தோண்டினவளுக்கு வேர் எங்கே என்று தெரியாமல் இருக்காது. கிழங்கு உன் கைக்கு வந்திருக்கும். உனக்கு நன்றாகத் தெரியும், அது நீலக்கொடி இல்லை என்று. தெரிந்தே செய்தாய்.

எங்கே அது? குப்பையிலா? உயிரோடு இருக்கிறதா, அதை மட்டும் சொல். நான் உன்னை வேறெதுவும் கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

"அக்கா" என்று நீங்களே கையெழுத்துப் போட்ட முதல் கடிதம் இது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தெரிந்துதான் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது? மழை விழுந்தால் தானாக முளைக்கும் என்று நீங்களே எழுதினீர்கள். மழை விழுந்தது, பலகை இல்லாமல் ஒன்று முளைத்தது. இதைக் கண்டுபிடிக்க உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. வேர் எங்கே என்று நீங்கள் கேட்டிருந்தால் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் என்று ஒளிக்காமல் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய தொழில் என்னுடையது. இலை, வேகம், நூல், பார்த்ததையெல்லாம் எழுதினேன். பொய் ஒன்று காட்டுங்கள், இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன்.

உங்கள் பதில் வரும்வரை எனக்கும் பயம்தான். "இரு, தொடாதே" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என் கோபம் அங்கேயே தணிந்திருக்கும். ஆனால் நீங்கள் என்னை நன்றாகத் திட்டி, "அது உன்னுடையது, எனக்கு ஒரு உரிமையும் வேண்டாம்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பினீர்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன். உங்கள் தம்பி பயந்துபோய் வந்து எட்டிப் பார்த்தார்.

குப்பையில் இல்லை. உயிரோடு இருக்கிறது. ஒரு நாள் கோர்ட்டுக்கு லீவு போட்டு, சாப்பாட்டுக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். கிழங்கில் ஒரு கீறல் விழவில்லை. என் அம்மாவின் கொடி கருகிப் போன இடத்தில், உங்கள் மருந்து ஊறிய மண்ணையெல்லாம் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டி வெளியே போட்டுவிட்டு, புது மண் கொட்டி நட்டேன். இரண்டு நாள் தலை தொங்கிக் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பிடித்துக்கொண்டது. இப்போது என் வேலி முழுக்க அதுதான். இலைகூடப் பிளந்துவிட்டது. அடியில் குட்டிக் காய் மாதிரி வீக்கத்தோடு மொட்டுகள் வந்திருக்கின்றன. இன்னும் கொஞ்ச நாளில் விரியும். உங்கள் பக்கத்தில் ஆண் கொடி பூத்துக் குலுங்குகிறது. தேனீக்கு வேலி தெரியாது.

தாவரத் தோட்டத்து அதிகாரியிடம் பேசினேன். "காய் எந்த வீட்டுல காய்க்குதோ, அந்த வீட்டுப் பேர்தாங்க பெட்டியில வரும்" என்றார். என் அம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

அதை மாற்றவும் எனக்கு மனம் உண்டு. செப்டம்பரில் தெருக்காரர்கள் கூட்டம் இருக்கிறது. அதே மண்டபம், அதே திரை. என் வேலிப் படத்தைத் திரும்பவும் போடுங்கள். "இதை நான்தான் மருந்து ஊற்றிக் கொன்றேன். வந்தேறி என்று நான் சொன்னது செடியை இல்லை, என் தம்பி மனைவியை" என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அந்தத் தையல்காரர் முன்வரிசையில் இருக்க வேண்டும். சொல்லிவிட்டால் பெட்டியில் உங்கள் பெயர். நானே எழுதிக் கொடுக்கிறேன். சொல்லாவிட்டால் என் அம்மாவின் பெயர். முடிவு உங்களுடையது.

தம்பி மனைவி


ஆகஸ்ட் 24

வக்கீலம்மா,

இதைத் தபாலில் போடவில்லை. உன் வாசல் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். நீ கோர்ட்டிலிருந்து வந்து பார்ப்பாய்.

மகளிடம் ஊரில் அவசர வேலை என்றேன். "பச்சப்புள்ளய விட்டுட்டுப் போற அளவுக்கு என்னம்மா அவசரம்?" என்று அழுதாள். காலை ரயிலில் வந்து இறங்கினேன். தம்பி வாசலில் நின்றிருந்தான். என் பையை வாங்கினான், முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, ரெண்டு பேரும் விட்டுருங்களேன். அது ஒரு செடி" என்றான். பாவம், அவனுக்கு நம் இரண்டு பேரையும் தெரியவில்லை.

கைகால்கூடக் கழுவாமல் வேலிக்குப் போனேன். பார்த்தேன். நீ எழுதியதில் பொய் இல்லை. ஆற்றங்கரையில் நான் பார்த்தபோதுகூட அது இவ்வளவு செழிப்பாக இல்லை. ஒரு கொடியை இவ்வளவு நன்றாகக் கவனிக்க உனக்குத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. உயரத்தில் இரண்டு மொட்டுகள் நாளைக்கோ மறுநாளோ விரிகிற பக்குவத்தில் இருந்தன. உன் நிபந்தனையையும் யோசித்தேன். மண்டபத்தில் திரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி என்னை நானே கற்பனை செய்துகூடப் பார்த்தேன். முதல் வரி வாய்க்குள் வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. வராது.

என் வீட்டு வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு, அரிவாளோடு தோட்டத்துக்குப் போனேன். என் பந்தலில் இருந்த ஆண் கொடியை அடியோடு அறுத்தேன். பூவெல்லாம் தேனீ மொய்க்க மொய்க்க விழுந்தது. கிழங்கைத் தோண்டி எடுத்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து அதில் போட்டேன். கடைசிவரை பக்கத்திலேயே நின்றேன். என் கையால் கொண்டு வந்தது, என் கையாலேயே போகட்டும். கத்தரிக்கோல் பட்டாலே எனக்கு வலிக்கிற செடி அது. இன்று வலிக்கவில்லை. நாளைக்கு வலிக்கும் என்று தெரியும்.

தாவரத் தோட்டத்துக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். தம்பி மனைவியிடம் கேளுங்கள், அவள் எழுத்தில் கொடுப்பாள் என்றேன்.

உன் பெண் கொடியை நான் தொடவில்லை. தொடமாட்டேன். அது உன்னுடையது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வருஷா வருஷம் பூக்கும், பார்க்க அழகாயிருக்கும். ஒருநாளும் காய்க்காது. நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டே இரு.

நாத்தனார்